மணலும் கணக்கும் – 9: முன்பின் பாராத சரிவு

சென்ற அத்தியாயம் வரையில் மணலைப் பொறியாளரின் கண்கொண்டே பார்த்து வந்தோம். 1773ஆம் ஆண்டில் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன்னிலையில் கூலோம்ப் சமர்ப்பித்த கட்டுரை முதற்கொண்டு, 1979ல் குண்டால், ஸ்ட்ராக் என்னும் இருவர் ஒவ்வொரு மணியையும் ஒரு சிறு வட்டத் தகடாகப் பாவித்து, அது தன் அண்டைத் தகடுகளோடு எங்கே உரசுகிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கணிப்பொறியில் கணந்தோறும் கணித்துச் சென்ற முறை வரையில், அந்த வரலாற்றின் போக்கு ஒன்றேதான்: மணலுக்கு எவ்வளவு சமீபமாகப் போகலாம் என்பதே எல்லோருடைய கவலையாகவும் இருந்தது. இனி நாம் சந்திக்கப்போகிறவர்கள் எதிர்த்திசையில் நடந்தவர்கள். உராய்வு, உருவம், எடை, வேகம் ஆகிய மணலின் குணங்கள் அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டு, சதுரக் கட்டங்களில் எழுதிய சிறு எண்களை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு, அதற்கும் மணல்மேடு என்றே பெயரிட்டவர்கள். அவர்களுடைய துணிச்சலைப் பற்றி விஞ்ஞானிகளிடையே அபிப்பிராய பேதம் இன்றும் தீரவில்லை. ஆயினும் அந்தப் பெயர்மாத்திர மணலைக் கணிப்பொறியில் விரைவாகச் சரியவிடுவது எப்படி என்று தேடப் புகுந்தவர்களுக்கு வழி காட்டியது பெரிய இயந்திரம் அல்ல, பம்பாயிலிருந்து வந்த ஒரு சிறு நிரூபணம் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

நியூயார்க் மாகாணத்தில், லாங் ஐலண்ட் என்னும் நீண்ட தீவில், புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1987ல் அங்கே டென்மார்க் நாட்டவரான பெர் பாக் என்ற பௌதிக விஞ்ஞானியும், அவரோடு வேலை செய்ய வந்திருந்த சாவ் டாங், கர்ட் வீசன்ஃபெல்ட் என்ற இளைஞர்கள் இருவரும், ஒன்றோடொன்று வில்லால் பிணைக்கப்பட்ட ஊசல்களின் கூட்டம் எவ்விதம் அசைந்து அமைதியடைகிறது என்ற கேள்வியில் ஆழ்ந்திருந்தனர். மணலைப் பற்றி அவர்கள் முதலில் நினைக்கவே இல்லை. ஓர் ஊசல் எல்லை மீறிச் சுழன்றால் அதன் இறுக்கம் பக்கத்து ஊசல்களுக்குப் பகிர்ந்து போகிறது. அவற்றுள் ஒன்று எல்லை மீறினால் அதுவும் சுழல்கிறது. இப்படி ஒரு சலனம் கூட்டம் முழுவதும் பரவலாம், அல்லது அடுத்த வீட்டோடு நின்றும் போகலாம். இதைச் சொல்லிப் புரியவைப்பதற்கு ஊசல்களைவிட மணல் எளிது என்று பிற்பாடு தோன்றியிருக்கிறது. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் வெளியான அவர்களுடைய கட்டுரைதான், தானாக அமையும் மாறுநிலை என்ற சித்தாந்தத்தை உலகுக்கு அறிமுகம் செய்தது.

விதி மிகவும் எளியது. சதுரங்கப் பலகையைப் போன்ற ஒரு தளத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் சில மணிகள் இருக்கின்றன. மூன்று மணி வரையில் கட்டம் தாங்கும்; நான்காவது மணி வந்து சேர்ந்தவுடன் அந்தக் கட்டம் சரிந்து, தன்னிடமிருந்து நான்கு மணிகளை எடுத்து, மேல், கீழ், வலம், இடம் ஆகிய நான்கு அண்டைக் கட்டங்களுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடும். விளிம்பிலுள்ள கட்டம் சரியும்போது வெளிப்பக்கம் போகிற மணி பலகையை விட்டே விழுந்து தொலையும். ஒரு மணியை எங்கேனும் போடுவது, சரிவு அடங்கும் வரையில் காத்திருப்பது, மறுபடி ஒரு மணியைப் போடுவது என்பதைத் தவிர வேறு எந்த வேலையும் இல்லை.

காகிதமும் பென்சிலும் கையில் உள்ளவர்கள் இதைத் தாமே செய்து பார்க்கலாம். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று கட்டம், ஆக ஒன்பது கட்டங்கள் வரைந்து, எல்லாவற்றிலும் 3 என்று எழுதிக்கொண்டு, நடுக்கட்டத்தில் மட்டும் ஒரு மணி சேருங்கள். நடுக்கட்டம் 4 ஆகிச் சரிந்து 0 ஆகும். அதன் நான்கு அண்டைகளும் 4 ஆகும். அவை நான்கும் சரிந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மணி வெளியே விழ, ஒன்று நடுவுக்குத் திரும்ப, மற்ற இரண்டும் மூலைகளுக்குப் போகும். இப்போது மூலை ஒவ்வொன்றும் 5, நடுக்கட்டம் மறுபடியும் 4. நடுக்கட்டம் இரண்டாம் முறை சரியும். மூலைகள் நான்கும் ஒவ்வொரு முறை சரிந்து 1 ஆகும். எல்லாம் அடங்கிய பிறகு நடுவில் 0, மூலைகளில் 1, பக்கங்களின் நடுக்கட்டங்களில் 3 என்று நிற்கும். ஒரே ஒரு மணி விழுந்ததன் பலனாகப் பத்துச் சரிதல்கள் நிகழ்ந்து, பன்னிரண்டு மணிகள் பலகையை விட்டு வெளியேறியிருக்கின்றன. தொடக்கத்தில் 28 மணிகள் இருந்தன, முடிவில் 16 இருக்கின்றன. கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

பெர் பாக்கும் அவருடைய தோழர்களும் இதையே 50க்கு 50 என்ற தளத்திலும், 20க்கு 20க்கு 20 என்ற முப்பரிமாணக் கூட்டிலும் செய்து பார்த்தார்கள். போடுகிற மணிகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. சில மணிகள் சிறு சரிவை உண்டாக்குகின்றன. எப்போதோ ஒரு மணி பலகை முழுவதையும் குலுக்கிவிடுகிறது. சரிவின் பருமனுக்கும், அத்தகைய சரிவு எத்தனை தடவை நேர்கிறது என்பதற்கும் உள்ள தொடர்பை இரு அச்சுகளிலும் லாகரிதம் எடுத்து வரைந்தபோது கிட்டத்தட்ட நேர்கோடு கிடைத்தது. நீர் ஆவியாகும் மாறுநிலை வெப்பநிலை போன்ற இடங்களில் மட்டுமே காணக்கிடைக்கும் இந்த அடுக்கு விதியைப் பெறுவதற்குப் பரிசோதனைச்சாலையில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் மிக நுட்பமாகத் திருகி நிறுத்த வேண்டும். இங்கேயோ யாரும் எதையும் திருகவில்லை, மணலே தன்னை அந்த நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டது. கண்டுபிடிப்பின் உயிர்நிலை இதுதான். பூகம்பம், காட்டுத்தீ, பங்குச்சந்தை, ஜீவராசிகளின் அழிவு ஆகிய அனைத்துக்கும் இந்த ஒரு சாவி போதும் என்று பாக் பிற்பாடு எழுதியதும், 1996ல் வெளியிட்ட நூலுக்கு இயற்கை இயங்கும் விதத்தையே விளக்கிவிட்டதாகத் தொனிக்கும் தலைப்பை வைத்ததும் அவருடைய சுபாவத்துக்குப் பொருத்தமானவையே. அடக்கம் அவருடைய குணங்களில் ஒன்றல்ல. அடக்கமுள்ள ஒருவர் அந்தக் கட்டுரையை எழுதியிருப்பாரா என்பதும் சந்தேகமே.

மூலக் கட்டுரையின் தலைப்பே வாக்களித்த ஒரு விஷயம் மட்டும் இரண்டே ஆண்டுகளில் பொய்த்துப் போனது. மின்கடத்திகளின் இரைச்சல் முதல் பல இடங்களில் காணப்படும், அதிர்வெண்ணுக்கு நேர்மாறாகக் குறையும் ஒரு விசேஷ இரைச்சலுக்கு இதுவே விளக்கம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். 1989ல் யென்சன், கிறிஸ்டென்சன், ஃபோகெட்பி ஆகிய மூவர் அதே மாதிரியைக் கவனமாகக் கணக்கிட்டு, அந்த இரைச்சல் அதிர்வெண்ணுக்கு அல்ல, அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது என்று காட்டினர். அதே 1989ல் சிகாகோவில் யேகர், லியு, நாகல் ஆகியோர் நிஜமான மணிகளை ஓர் உருளைக்குள் இட்டு மெல்லச் சுழற்றி, கீழே விழும் மணலை ஒரு மின்தேக்கியின் தகடுகளுக்கிடையே செலுத்தி அளந்தபோது, அடுக்கு விதி தென்படவில்லை. ஏறக்குறைய ஒரே அளவான பெருஞ்சரிவுகளே முறைவைத்து வந்துகொண்டிருந்தன. மணலுக்கு எடையும் வேகமும் உண்டு; சரியத் தொடங்கிய மணல் நிற்கவேண்டிய சாய்வில் நிற்காமல் அதைத் தாண்டியும் ஓடிவிடும். கட்டங்களில் எழுதிய எண்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

இங்கே கணிப்பொறிக்காரர்களின் கஷ்டத்தைச் சிறிது விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். அடுக்கு விதி உண்மையா, அதன் அடுக்கு எண் எவ்வளவு என்று நிர்ணயிக்க வேண்டுமானால் தளம் பெரிதாக இருக்க வேண்டும். 50க்கு 50 பலகையில் பெருஞ்சரிவு என்று எதைச் சொல்வது? ஆனால் 1000க்கு 1000 என்று எடுத்துக்கொண்டால் பத்து லட்சம் கட்டங்கள். எழுதுவதற்கு எளிதான நிரல் என்ன செய்யும் என்றால், முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, நான்கை எட்டியவற்றையெல்லாம் சரித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பார்க்கத் தொடங்கும். ஒரே ஒரு கட்டம் சரியவேண்டிய தருணத்திலும் பத்து லட்சம் கட்டங்களையும் தட்டிப் பார்த்துவிட்டே ஓயும். வேலையில் பெரும்பகுதி தேடுவதிலேயே கழிகிறது. அப்படியானால் எல்லாக் கட்டங்களையும் பார்க்காமல், சரியவேண்டியவற்றை மட்டும் எடுத்துச் சரித்தால் என்ன என்று கேட்கலாம். எந்த வரிசையில் சரிப்பது? இதை முதலில் சரித்தால் ஒரு முடிவும், அதை முதலில் சரித்தால் வேறொரு முடிவும் வருமானால், நிரலாசிரியர் தம் சௌகரியத்துக்காகத் தேர்ந்துகொண்ட வரிசையே விடையைத் தீர்மானித்துவிடும் அல்லவா?

இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தவர் தீபக் தார். உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கரில் பிறந்து, அமெரிக்காவில் கால்டெக்கில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, பம்பாயில் கொலாபாக் கடற்கரையோரமுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி வந்த அவர், 1990ல் அதே ‘ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையில், எந்த வரிசையில் சரித்தாலும் முடிவு ஒன்றே என்று நிறுவினார். நிரூபணம் ஆச்சரியப்படும்படி சிறியது. இரண்டு கட்டங்கள் ஒரே சமயத்தில் நான்கை எட்டி நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவதைச் சரித்தால் இரண்டாவதன் எண் கூடலாம், ஒருபோதும் குறையாது; ஆகவே இரண்டாவது எப்படியும் சரிந்தே தீரவேண்டும். இரண்டும் சரிந்த பிறகு யாருக்கு எத்தனை மணி போய்ச் சேர்ந்தது என்பது வெறும் கூட்டல். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரிடம் உறவினர் எந்த வரிசையில் வந்து நின்றாலும் நோட்டுப் புத்தகத்தின் கூட்டுத்தொகை மாறுவதில்லை, அதுபோலத்தான் இது. வரிசை முக்கியமில்லாத இந்தக் குணத்தைக் குறிக்கும் வகையில், நார்வே நாட்டுக் கணித மேதை ஏபெலின் பெயரால் இம்மாதிரியை ஏபெலியன் மணல்மேடு என்று அழைக்கும் வழக்கம் அன்றுமுதல் நிலைபெற்றது.

இந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டு தார் மேலே சென்ற தூரம் அதிகம். நீண்ட காலம் மணி போட்டுக்கொண்டே போனால் பலகையில் எல்லா அமைப்புகளும் தோன்றுவதில்லை. சில அமைப்புகள் ஒரு முறை போனால் திரும்புவதே இல்லை, மற்றவை மட்டும் மீண்டும் மீண்டும் வரும், அப்படி வருபவை யாவும் சமவாய்ப்புடனேயே வரும். அவை எத்தனை என்பதை ஓர் அணிக்கோவையின் மதிப்பாக அவர் சொல்லிவிட்டார். நாம் மேலே எடுத்துக்கொண்ட ஒன்பது கட்டப் பலகையில், கட்டத்துக்கு 0 முதல் 3 வரையில் எழுதக்கூடிய அமைப்புகள் 2,62,144. அவற்றுள் திரும்பத் திரும்ப வருபவை 1,00,352 மட்டுமே. அணிக்கோவையைக் கையாலேயே கணக்கிட்டு இதைச் சரிபார்க்கலாம். மின்சுற்றுகளைப் பற்றி ஆராய்ந்த கிர்க்காஃப் 1847ல், ஒரு வலையின் எல்லாப் புள்ளிகளையும் வளையம் ஏற்படாமல் இணைக்கும் மர உருவங்களை எண்ணுவதற்குக் கண்ட அணிக்கோவையும் இதுவேதான் என்பதைக் காணும்போது, நூற்று நாற்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு கணக்குகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டதாகவே தோன்றுகிறது. இந்த வழியில் தாரும் அவருடைய மாணவர் சத்ய மஜும்தாரும் 1991ல், எல்லையற்ற தளத்தில் மணியே இல்லாத கட்டங்களின் விகிதம் நூற்றுக்கு 7.36 என்று, பை என்னும் எண்ணைக் கொண்டே துல்லியமாகக் கண்டுசொன்னார்கள். நிரல் எழுதுகிறவருக்கு இது பெரிய வரப்பிரசாதம். தம் பெரிய பலகையில் காலிக் கட்டங்களை எண்ணிப் பார்த்து, அது ஏழேகால் அருகே நிற்காமல் வேறெங்கோ நின்றால், பிழை தம் நிரலில்தான் இருக்கிறது என்று தயக்கமின்றி முடிவுகட்டிக்கொள்ளலாம். புள்ளியியல் பௌதிகத்தின் மிக உயர்ந்த விருதான போல்ட்ஸ்மான் பதக்கம் 2022ல் தாருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

புரூக்ஹேவனிலேயே, பாக்கின் துறைக்குச் சம்பந்தமில்லாத அணுத்துகள் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற மைக்கேல் கிரூட்ஸ் என்பவர், இந்த மணல்மேட்டைத் தம் கணிப்பொறியின் திரையில் வண்ணங்களாகப் பார்க்க ஆசைப்பட்டார். இரண்டு அமைப்புகளைக் கட்டத்துக்குக் கட்டம் கூட்டிச் சரியவிட்டால் மூன்றாவது அமைப்பு கிடைக்கிறது. அப்படியானால் எண்களில் பூஜ்யம் போல, திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளுள் எதனோடு கூட்டினாலும் அதை மாற்றாத ஓர் அமைப்பு அவற்றுக்குள்ளேயே உண்டு. ஒன்பது கட்டப் பலகையில் அது மூலைகளில் 2, பக்கங்களின் நடுவில் 1, மையத்தில் 0. எல்லாம் 3ஆக உள்ள பலகையின் மேல் இதைக் கூட்டிச் சரியவிட்டுப் பாருங்கள். மூலைகள், பக்கங்கள், நடு என்று ஒன்பது கட்டங்களும் ஒவ்வொரு முறை சரிந்து, பலகை பழையபடியே 3ஆக வந்து நிற்கும். பெரிய பலகைகளில் இதே பூஜ்யம், முக்கோணங்களும் சதுரங்களும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிய ஒரு சித்திரமாகத் திரையில் தோன்றுகிறது. 1991ல் கிரூட்ஸ் இதை எழுதி வெளியிட்ட பிறகு, மணல்மேட்டை நிரலாக்குவது பௌதிகத்துக்காக மட்டுமன்றி அழகுக்காகவும் செய்யப்படும் வேலையாயிற்று.

இனி விரைவான நிரல் என்பது எவ்விதம் அமைகிறது என்பதைக் கிட்டத்திலிருந்து பார்ப்போம். கற்றோர் பலர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போவதுண்டு. எனக்கென்னவோ நிரூபணத்தின் ருசி இங்கேதான் தெரிகிறது. வரிசை முக்கியமில்லை என்று ஆகிவிட்டபடியால், பலகையைத் தேடும் வேலை முதலில் ஒழிகிறது. சரியவேண்டிய கட்டங்களின் எண்களை மட்டும் ஸ்டாக் எனப்படும் ஒரு பட்டியலில் மேலே மேலே அடுக்கி, மேலே உள்ளதை எடுத்துச் சரித்து, அதனால் புதிதாக நான்கை எட்டும் அண்டைகளைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால், பட்டியல் தீர்ந்ததும் சரிவு தீர்ந்தது. ஒரே கட்டம் பட்டியலில் இருமுறை ஏறிவிடாமல் தடுக்க எளிய உபாயம் ஒன்று உண்டு: அண்டைக்கு மணி ஒவ்வொன்றாகவே சேருவதால், அதன் எண் சரியாக 4 ஆகும் அந்தக் கணத்தில் மட்டும் சேர்ப்பது, 5, 6 என்று ஏறும்போது அது ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. சரித்த பிறகும் நான்குக்குக் குறையவில்லை என்றால் அதையே திரும்பவும் பட்டியலில் ஏற்றிவிட்டால் போயிற்று.

அடுத்தது விளிம்பு. ஒவ்வொரு முறையும் இந்தக் கட்டம் ஓரத்தில் இருக்கிறதா, மூலையில் இருக்கிறதா என்று நிரல் கேட்டுக்கொண்டிருந்தால், கோடிக்கணக்கான தடவை கேட்ட அந்தக் கேள்வியே நேரத்தைத் தின்றுவிடும். பலகையைச் சுற்றிலும் ஒரு வரிசைக் கட்டங்களை உபரியாக வைத்து, 1000க்கு 1000 என்பதை நினைவகத்தில் 1002க்கு 1002 என்று ஆக்கிக்கொண்டு, விழுகிற மணிகள் அந்த வெளிவரிசையில் போய்ச் சேரட்டும், அவற்றை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டால் கேள்வியே எழாது. ஒரு கட்டத்தின் எண்ணோடு 1ஐக் கூட்டியும் கழித்தும், 1002ஐக் கூட்டியும் கழித்தும் நான்கு அண்டைகளையும் பிடித்துவிடலாம். கட்டத்துக்கு ஒரு பைட் போதும் என்பதால், பத்து லட்சம் கட்டங்களும் இன்றைய பிராசஸரின் பக்கத்திலேயே உள்ள கேஷ் நினைவகத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. தூரத்து நினைவகத்துக்குப் போய்வரும் அலைச்சல் மிச்சம்.

ஒரே கட்டத்தில் மணிகளைக் குவித்துப் போடுகிறவர்களுக்கு மூன்றாவது உபாயம் இன்னும் பிரயோஜனமானது. ஒரு கட்டத்தில் 4,003 மணிகள் இருக்குமானால், நான்கு நான்காக ஆயிரம் தடவை சரிப்பானேன்? வரிசை முக்கியமில்லையாதலால், அண்டைக்கு ஆயிரம் வீதம் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு 3ஐ வைத்துக்கொள்ளலாம். நான்கால் வகுப்பது என்பது இரட்டை எண்முறையில் இரண்டு பிட் நகர்த்துவதே. மீதி என்பது கடைசி இரண்டு பிட்களே. கணிப்பொறிக்கு இவற்றைவிடச் சுலபமான வேலை கிடையாது. இதனால் எவ்வளவு மிச்சமாகிறது என்பதை ஓர் அழகான கணக்கால் உணரலாம். மையத்திலிருந்து ஒவ்வொரு மணியும் உள்ள தூரத்தை வர்க்கப்படுத்தி எல்லாவற்றையும் கூட்டினால், ஒவ்வொரு சரிதலின்போதும் அந்தத் தொகை சரியாக 4 கூடுகிறது, எங்கே சரிந்தாலும் சரி. ஆகவே முடிவில் மேடு பரவியுள்ள பரப்பை அறிந்தால், மொத்தம் எத்தனை சரிதல்கள் நடந்திருக்க வேண்டும் என்பதைச் சரியவிடாமலே சொல்லிவிடலாம். மையத்தில் பத்து லட்சம் மணிகளைக் குவித்தால், உத்தேசமாக இரண்டாயிரம் கோடிச் சரிதல்கள். மணிகளை இருமடங்காக்கினால் வேலை நான்கு மடங்காகும். ஒவ்வொன்றாகச் சரிப்பவர் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒரே சமயத்தில் பல பிராசஸர்களைக் கொண்டு வேலை வாங்குகிறவர்களுக்குச் சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைப் பிரிவு கைகொடுக்கிறது. கறுப்புக் கட்டத்தின் அண்டைகள் எல்லாம் வெள்ளை. வெள்ளையின் அண்டைகள் எல்லாம் கறுப்பு. கறுப்புக் கட்டங்கள் அனைத்தும் ஒரே வீச்சில் தாம் கொடுக்க வேண்டியதைக் கணக்கிட்டு வைக்க, வெள்ளைக் கட்டம் ஒவ்வொன்றும் தன் நான்கு அண்டைகளிடம் வரவேண்டியதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். மறு வீச்சில் பாத்திரங்கள் மாறும். எந்த பிராசஸர் முந்தியது, எது பிந்தியது என்பதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

இவ்வளவு சௌகரியமும் எதனால் வந்தது என்று யோசித்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. கட்டத்தின் உயரத்தை மட்டும் பார்த்துச் சரிவதால்தான், வரிசை மாறினாலும் முடிவு மாறாத இந்தப் பரிமாற்றுப் பண்பு நிற்கிறது. அண்டையைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்ற சாய்வைப் பார்த்துச் சரியும்படி விதியை மாற்றினால் பண்பு அப்போதே உடைந்துபோகும், எந்த வரிசையில் சரித்தோம் என்பது விடையில் புகுந்துவிடும். நிஜ மணலோ சாய்வைத்தான் பார்க்கிறது. எனவே இந்த மாதிரி மணலைப் போல இல்லாமலிருப்பதற்கான காரணமும், இவ்வளவு வேகமாகக் கணக்கிடக்கூடியதாக இருப்பதற்கான காரணமும் ஒன்றே. பாக்கின் ஆதரவாளர்கள் இதைப் பெரிதுபடுத்துவதில்லை. எதிராளிகள் இதை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், மணல் என்ற பெயரை மறந்துவிட்டால் இரு சாராருக்கும் நிம்மதி.

வேகம் வந்த பிறகு விடை தெளிவாயிற்றா என்றால், அதுதான் இல்லை. சரிவுகளின் அடுக்கு எண் 1 என்னும் அளவில் இருப்பதாக 1987ல் சொன்னார்கள். எஸ்.எஸ். மன்னா 1990ல் அதைவிட மிகப் பெரிய தளங்களில் கணக்கிட்டு 1.22 என்றார். ருஷ்யாவைச் சேர்ந்த பிரியெஸ்ஷேவும் சகாக்களும் 1996ல், ஒரு பெருஞ்சரிவை அடுத்தடுத்த அலைகளாகப் பிரித்து ஆராய்ந்து, ஆறில் ஐந்தைத் தலைகீழாக்கிய 1.2 என்ற எண்ணை முன்வைத்தார்கள். மறு ஆண்டில் லூபெக், ஊசாடெல் இருவரும் 4096க்கு 4096 வரையிலான தளங்களில் மணல் சரித்து 1.293 என்றார்கள். தளம் பெரிதாகப் பெரிதாக எண் நகர்ந்துகொண்டே இருந்தது. அதுவும் மிக மெதுவாக, தளத்தின் அளவினுடைய லாகரிதத்தைப் பொறுத்து. 1998ல் இத்தாலியில் தே மெனெக், ஸ்டெல்லா, தெபால்தி ஆகியோர், விளிம்பைத் தொட்டு மணியை வெளியே கொட்டும் பெருஞ்சரிவுகளும் உள்ளேயே அடங்கும் சரிவுகளும் ஒரே அடுக்கு எண்ணுக்குக் கட்டுப்படவில்லை என்று வாதிட்டார்கள். முதல் மாதிரியைவிட, சரியும் மணிகள் போகும் அண்டையைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கும் மன்னாவின் 1991ஆம் ஆண்டு மாதிரி எவ்வளவோ ஒழுங்காக நடந்துகொண்டது என்பது இந்தச் சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று.

சிறு தளங்கள் மனிதரை எவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்றக்கூடும் என்பதற்கு 2010ஆம் ஆண்டில் ஆன் ஃபே, லயனல் லெவின், டேவிட் வில்சன் ஆகிய மூவர் செய்த கணக்கைவிடச் சிறந்த சாட்சி இல்லை. விளிம்புள்ள பலகையில் மணி போட்டுக்கொண்டே போனால், கட்டத்துக்குச் சராசரி 17/8, அதாவது 2.125 மணிகள் நிலைத்து நிற்கின்றன. இது அப்போது பல தசம இடங்கள் வரையில் சரிபார்க்கப்பட்ட ஊகமாக இருந்து, 2011ல் பொகோசியன், பிரியெஸ்ஷேவ், ரூவெல் ஒரு வழியிலும் கென்யன், வில்சன் வேறொரு வழியிலும் நிரூபித்ததால் உறுதியாயிற்று. விளிம்பே இல்லாமல், வலது ஓரம் இடது ஓரத்தோடும் மேலோரம் கீழோரத்தோடும் ஒட்டிய பலகையிலோ மணி வெளியேற வழியில்லை. போட்டுக்கொண்டே போனால் ஒரு நிலையில் சரிவு நிற்காமல் என்றென்றும் நடக்கத் தொடங்கிவிடும். அந்த வாசற்படியில் சராசரி எவ்வளவு? அதுவும் 2.125தான் என்பது பௌதிக விஞ்ஞானிகளின் நம்பிக்கை. மாறுநிலை தானாக அமைவது எதனால் என்பதற்கு அவர்கள் கண்ட விளக்கமே அந்தச் சமத்துவத்தின்மேல்தான் நின்றது.

மூவரும் இதைச் சோதிக்கப் புகுந்தபோது முதல் இடைஞ்சல், சரிவு இனி நிற்காது என்பதை எப்படி அறிவது என்பதே. என்றென்றும் காத்திருக்க முடியுமா? 1988ல் ஹங்கேரியைச் சேர்ந்த காபோர் தார்தோஷ் இதற்கும் ஒரு சிறு தேற்றத்தைத் தந்திருந்தார்: முடிவுக்கு வரக்கூடிய சரிவில் ஒரு முறைகூடச் சரியாத கட்டம் ஒன்றாவது இருக்கும். ஆகவே எல்லாக் கட்டங்களும் ஒரு முறையேனும் சரிந்துவிட்டன என்று கண்ட மறுகணமே நிரலை நிறுத்திவிடலாம். இவ்விதம் 64க்கு 64 பலகையில் தொடங்கி 16384க்கு 16384 வரையில் சென்றார்கள். சிறிய பலகையில் 26 கோடிக்கு மேற்பட்ட தடவை அந்த வாசற்படியைக் கடந்து பார்த்தார்கள். 64க்கு 64ல் கிடைத்த சராசரி 2.12496; நம்பிக்கைக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா என்று எவரும் அங்கேயே நின்றிருப்பார்கள். 128க்கு 128ல் அது 2.12519 ஆயிற்று. 1024க்கு 1024ல் 2.12529ஐ எட்டியது. அதன் பிறகு பலகையை எவ்வளவு பெரிதாக்கியும் எண் அசையாமல் 2.125288லேயே நின்றுவிட்டது, 17/8க்கு அது திரும்பவில்லை. இரண்டு சராசரிகளும் வேறு வேறானவை. வேற்றுமை நான்காவது தசம இடத்தில் இருந்ததால் இருபது ஆண்டுக் காலம் யார் கண்ணிலும் படவில்லை.

இதற்கிடையில் நார்வேயின் ஆஸ்லோ நகரத்தில் சிலர், மணலை விட்டுவிட்டு அரிசியைக் கையில் எடுத்திருந்தார்கள். நீள அரிசிக்கும் உருண்டை அரிசிக்கும் இந்தச் சித்தாந்தத்தில் என்ன வித்தியாசம் என்பதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)